பராமட்டா, விலாங்குகளின் ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்கே குடியிருக்கும் தமிழர்களுக்குப் பராமட்டா என்றால் ரயில் மாறும் இடம், கடைத்தெரு, வேலைக்குப் போகும் இடம். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், வெஸ்ட்மீட், மேஸ் ஹில் முருகன் கோயில் என்று நாம் புழங்கும் இடங்கள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஆங்கிலேயர் அமைத்த இரண்டாவது குடியேற்றம் இந்த ஊர்தான். அது யாருடைய நிலத்தில் அமைந்தது, அந்த மக்கள் என்ன சொன்னார்கள், என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி நம்மவர்களிடம் பேச்சே எழுவதில்லை. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போதும், பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்கு உதவும்போதும் என் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

‘பராமட்டா’ ஆங்கிலப் பெயரா?

இல்லை. அது இந்த மண்ணின் தாருக் மொழிச் சொல். ‘பரா’ என்பது விலாங்கு மீன்; ‘மட்டா’ என்பது இடம் அல்லது நீர்நிலை. விலாங்குகள் வந்து தங்கும் இடம் என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். இங்கே வாழ்ந்த குலத்தாரின் பெயர் பராமட்டகல். ‘கல்’ என்ற விகுதி ‘அந்த இடத்து மக்கள்’ என்பதைக் குறிக்கும்.

பழைய ஆங்கிலக் குறிப்புகளில் இந்தப் பெயர் சில இடங்களில் ‘P’ எழுத்திலும் சில இடங்களில் ‘B’ எழுத்திலும் தொடங்கும். எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. தாருக் மொழியில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் பொருள் வேறுபாடு கிடையாது. தமிழில் ‘பாட்டு’க்கும் ‘அன்பு’க்கும் ஒரே பகரத்தை வைத்துக்கொண்டு நாம் சமாளிக்கிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான். ஆங்கிலக் காதுக்குப் பிடிபடாமல் போனது தமிழ்க் காதுக்குச் சட்டென்று புரியும். பூமராங், டிங்கோ, வாலபி, வம்பாட், கொவாலா ஆகிய சொற்களும் சிட்னி வட்டாரத்து மொழியிலிருந்து உலகத்துக்குப் போனவைதான்.

1788க்கு முன் இங்கே என்ன இருந்தது? வெறும் காடா?

காடு என்று சொன்னால் பாதி தவறாகிவிடும். பராமட்டா ஆற்றில் கடலின் உப்பு நீர் வந்து முடிகிற எல்லையும், மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் தொடங்குகிற இடமும் இதுதான். உப்பு நீர் மீனும் கிடைக்கும், நன்னீர் விலாங்கும் கிடைக்கும். கரையெல்லாம் கிழங்கு, வாத்து, மரத்தில் போசம் என்ற சிறு விலங்கு. மூன்று நான்கு வகை உணவு ஒரே இடத்தில் கிடைத்தால் மனிதர் அங்கே தங்காமல் இருப்பார்களா? நகரின் நடுவே ஆற்றங்கரை மணல் படிவுகளில் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த கரிமக் காலக்கணிப்பு சுமார் 30,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகிறது.

அந்த நிலத்தைப் பேணியும் வந்தார்கள். காலம் பார்த்து, இடம் பார்த்து, சிறுசிறு தீ வைத்துப் புதரைக் கழிப்பார்கள். புதுப்புல் முளைக்கும், கங்காரு மேய வரும், நடக்க வழி இருக்கும். இங்கே முதலில் வந்த ஆங்கில அதிகாரிகள், மரங்கள் இடைவெளி விட்டு நிற்பதையும் நடுவே புல்வெளி விரிந்து கிடப்பதையும் பார்த்துவிட்டு, இங்கிலாந்துப் பிரபுக்களின் பூங்கா போல இருக்கிறது என்று வியந்து எழுதினார்கள். அது தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையின் பலன் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த வேலையால் பண்பட்ட நிலம் என்பதாலேயே அவர்கள் அதை விரும்பினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது.

ஆங்கிலேயர் ஏன் சிட்னியை விட்டு இவ்வளவு தூரம் வந்தார்கள்?

பசிதான் காரணம். கைதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்த, ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் தலைமையில் 11 கப்பல்கள் 1788 ஜனவரியில் வந்து சேர்ந்தன. சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய மண் மணற்பாங்கானது. முதல் விதைப்பு வீணாயிற்று. கொண்டுவந்த தானியம் குறைந்துகொண்டே போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஃபிலிப் ஆற்றின் வழியே மேற்கே போய், பிறை வடிவில் வளைந்த ஒரு மேட்டையும் அதன் கீழே நல்ல மண்ணையும் பார்த்தார். பிரிட்டிஷ் கருவூலத்தில் செயலாளராக இருந்த ஜார்ஜ் ரோஸின் பெயரால் அதற்கு ‘ரோஸ் ஹில்’ என்று பெயர் வைத்தார். 1788 நவம்பர் 2 அன்று ஒரு சிறு படைப்பிரிவும் சில கைதிகளும் அங்கே இறக்கப்பட்டார்கள். பயிர் வேலையை ஃபிலிப்பின் பணியாளரான ஹென்றி டாட் மேற்பார்த்தார். அடுத்த ஆண்டுக் கடைசியில் சுமார் 200 புஷல் கோதுமை விளைந்தது. இன்றைய கணக்கில் ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதையும் உண்ணாமல் விதைக்கென்று எடுத்துவைத்தார்கள்.

1790 ஜூலையில் முறையாக ஒரு நகரம் வகுக்கப்பட்டது. படகுத்துறையிலிருந்து ஆளுநரின் வீடு வரை ஒரு மைல் நீளம், 205 அடி அகலத்தில் ஒரு தெரு. இருபுறமும் 24 அடிக்கு 12 அடிக் குடிசைகள். ஒவ்வொன்றிலும் பத்துக் கைதிகளாவது. அந்தத் தெருதான் இப்போதைய ஜார்ஜ் தெரு. 1791 ஜூன் 4, மன்னரின் பிறந்தநாளன்று, ஊருக்கு அதன் பழைய பெயரே சூட்டப்பட்டது. அந்த ஆண்டின் முடிவில் சிட்னியைவிட இங்கேதான் குடியேறிகள் அதிகம்.

மக்களிடம் அனுமதி கேட்டார்களா? ஒப்பந்தம் ஏதும் உண்டா?

இல்லை, இரண்டுமே இல்லை. உள்ளூர் மக்களோடு நட்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஃபிலிப்புக்கு லண்டனிலிருந்து உத்தரவு இருந்தது. நிலத்தை விலைக்கு வாங்கு, உடன்படிக்கை செய்துகொள் என்று இல்லை. நிலம் முழுவதும் அரசருடையது என்று எடுத்துக்கொண்டுதான் வேலை தொடங்கியது. 1835இல் மெல்போர்ன் பக்கம் ஒருவர் தனியாகப் பூர்வகுடிகளோடு நில ஒப்பந்தம் போட முயன்றபோது, ஆளுநர் பர்க் அது செல்லாது, நிலம் அரசருக்குரியது என்று பிரகடனம் செய்தார். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற இந்த எண்ணத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992 ஜூன் 3 அன்று மாபோ வழக்கில்தான் நிராகரித்தது. குடியேற்றம் தொடங்கி 204 ஆண்டுகளுக்குப் பிறகு.

அவர்கள் எதிர்ப்பே சொல்லவில்லையா?

சொன்னார்கள். தெளிவாக, நேருக்கு நேராக, ஆளுநரிடமே சொன்னார்கள். ‘அவர்கள் விலகிப் போய்விட்டார்கள்’ என்று பள்ளிப் பாடங்களில் வரும் ஒற்றை வரிக்கு எதிரான சான்று ஆங்கிலேயரின் சொந்தக் குறிப்புகளிலேயே இருக்கிறது. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

மவுகோரன் என்பவர் பராமட்டகல் குலத்துப் பெரியவர். அவருடைய மகள் பூராங், 1789இல் பெரியம்மையில் விழுந்து பிழைத்த சிறுமி. பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் வீட்டில் வளர்ந்து ஆங்கிலம் கற்றாள். இரண்டு பக்கத்துப் பேச்சையும் புரிந்துகொண்ட வெகு சிலரில் அவளும் ஒருத்தி. 1790 அக்டோபரில் மவுகோரன் சிட்னிக்கு வந்தபோது ஆளுநரிடம் ஒரு சேதி சொன்னார்: ரோஸ் ஹில்லில் இத்தனை பேர் வந்து குடியேறுவதால் அங்குள்ள மக்கள் கடுங்கோபத்தில் இருக்கிறார்கள்.

ஃபிலிப் அதைக் காதில் வாங்காமல் இல்லை; நன்றாகவே வாங்கிக்கொண்டார். வெள்ளையர் எங்கே குடியேறினாலும் அங்குள்ள மக்கள் அந்தப் பகுதியை விட்டுப் போக வேண்டியதாகிறது என்ற கருத்தும் அதே குறிப்பில் இருக்கிறது. அப்புறம் என்ன செய்தார்? மறுநாளே ரோஸ் ஹில்லுக்குக் கூடுதல் சிப்பாய்களை அனுப்பினார்.

பராமட்டாவின் முழு வரலாற்றிலும் இந்த இரண்டு நாட்களைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நிலத்துக்கு உரியவர் வாய்திறந்து சொன்னார். கேட்டவருக்கு அது நியாயம் என்றும் புரிந்தது. பதிலாகத் துப்பாக்கி வந்தது. ‘அந்தக் காலத்தில் யாருக்கும் இது தவறென்று தெரியாது’ என்று யாராவது சொன்னால், மவுகோரனின் பெயரைச் சொல்லுங்கள்.

அதே காலத்தில் சிட்னியில் வில்லியம் டாஸ் என்ற படை அதிகாரி, பட்யகராங் என்ற இளம்பெண்ணிடம் அந்த ஊர் மொழியைக் கற்றுத் தன் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார். ஒரு வெள்ளையர் தாக்கப்பட்டபோது, உங்கள் ஆட்கள் ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்று கேட்டார். வெள்ளையர் இங்கே குடியேறிவிட்டதால் என்றாள். ஏன் பயப்படுகிறார்கள் என்றார். துப்பாக்கிகளால் என்றாள். அந்த நோட்டுகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன.

பெரியம்மை பற்றிச் சொன்னீர்கள். அது எப்படி வந்தது?

1789 ஏப்ரலில் சிட்னித் துறைமுகத்தின் குகைகளிலும் கரைகளிலும் பிணங்கள் கிடந்தன. சுற்றுவட்டாரப் பூர்வகுடிகளில் பாதிப்பேர் இறந்திருக்கலாம் என்று ஃபிலிப்பே மதிப்பிட்டார். சிட்னிக் கரையின் கடிகல் குலத்தில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள் என்று பதிவாகியிருக்கிறது. வெள்ளையரோடு பேசப் பழக்குவதற்காகப் பிடித்துவைக்கப்பட்டிருந்த அரபனூ என்பவரும், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொற்றி அந்த மே மாதம் இறந்துபோனார். கப்பல் மருத்துவர்கள் கொண்டுவந்த அம்மைப்பாலிலிருந்து பரவியதா, வடக்கே மீன்பிடிக்க வந்துபோன இந்தோனேசியத் தீவுக்காரர்கள் வழியாக நிலத்தைக் கடந்து வந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது.

ரோஸ் ஹில்லில் பயிர் தழைத்த அதே ஆண்டு இது. அம்மை பரவிய நாட்களில் கரையில் இருந்தவர்களுக்குத் தங்கள் இறந்தவர்களைப் புதைக்கக்கூட ஆள் போதவில்லை.

பலூடெரி யார்? அவருடைய தோணிக் கதை என்ன?

பலூடெரி மவுகோரனின் மகன், பூராங்கின் சகோதரர். பெயரே ஒரு மீனின் பெயர். கட்டான இளைஞர், ஆளுநரின் வீட்டில் தங்கிப் பழகியவர். 1791 ஏப்ரலில் ஃபிலிப்பும் படை அதிகாரி வாட்கின் டெஞ்சும் இங்கிருந்து ஹாக்ஸ்பரி ஆற்றைத் தேடி நடந்தபோது கூடப் போனவர்களில் ஒருவர். மூட்டை சுமந்து தடுக்கி விழுந்த சிப்பாய்களைப் பார்த்து அவரும், கூட வந்த கோல்பி என்ற இன்னொரு பூர்வகுடியும் விழுந்து விழுந்து சிரித்ததை டெஞ்ச் எழுதியிருக்கிறார்.

அவர் ஒரு வியாபாரம் தொடங்கினார். ஆற்றில் மீன் பிடித்துவந்து பராமட்டாக் குடியேறிகளிடம் கொடுத்து, ரொட்டியோ உப்பிட்ட இறைச்சியோ வாங்கிக்கொள்வார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். உணவுக்குத் தவித்த ஊருக்கு அன்றாடம் பச்சை மீன் கிடைத்தது. இரு பக்கமும் சமமாக நின்று கொடுத்து வாங்கிய காலம் என்றால் அந்தச் சில வாரங்கள்தான்.

1791 ஜூனில் கைதிகள் சிலர், கரையில் விட்டிருந்த அவருடைய தோணியை உடைத்துப்போட்டார்கள். மரப்பட்டையை ஒரே துண்டாக உரித்து, நெருப்பில் வாட்டி வளைத்துச் செய்கிற தோணி அது. பிழைப்பே அதுதான். பலூடெரி உடம்பெல்லாம் செம்மண் பூசி, ஆயுதத்தோடு ஆளுநரிடம் வந்து வெள்ளையரைக் கொல்லப்போவதாகச் சொன்னார். குற்றவாளிகளைப் பிடித்து அவர் கண்முன்னே கசையடி கொடுத்தார்கள். ஒருவனைத் தூக்கில் போட்டுவிட்டதாக ஒரு பொய்யும் சொன்னார்கள். அவருக்கு அது போதவில்லை. அவருடைய மக்களின் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் தன் கையால் ஈடு வாங்க வேண்டும். சில வாரத்தில் தனியாகப் போன ஒரு குடியேறி மீது ஈட்டி பாய்ச்சினார். அதோடு கணக்குத் தீர்ந்தது என்பது அவர் நினைப்பு. ஃபிலிப்போ அவரைத் தள்ளிவைத்து, கண்டால் பிடிக்கச் சொன்னார். மீன் வியாபாரம் நின்றுபோனது.

அந்த டிசம்பரில் பலூடெரி நோயில் விழுந்தார். அப்போது ஃபிலிப் மனம் இளகி மருத்துவமனைக்கு வரவழைத்தார்; பிழைக்கவில்லை. சிட்னியில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில், ஒரு தோணியில் உடலைக் கிடத்தி, பக்கத்தில் ஈட்டியையும் மீன் குத்தும் கருவியையும் வைத்து, படையின் முரசு கொட்டப் புதைத்தார்கள். கடைசியில் அவரோடு போனதும் ஒரு தோணிதான்.

பெமுல்வுய் என்று ஒரு புறநகரே இருக்கிறதே. அவர் இந்த ஊர்க்காரரா?

அவர் பிஜிகல் குலத்தவர். 1790 டிசம்பரில் ஆளுநரின் வேட்டைக்காரர் ஜான் மெக்இன்டயரை ஈட்டியால் குத்தியதில்தான் முதலில் அவர் பெயர் குறிப்புகளில் வருகிறது. பின்னர் பன்னிரண்டு ஆண்டுகள் டூங்காபி, பிராஸ்பெக்ட், ஜார்ஜஸ் ஆறு என்று பண்ணைகளைத் தாக்கினார். அவர் ஆட்கள் சோளத்தை எடுத்துப்போனார்கள், வயலுக்குத் தீ வைத்தார்கள். ஆங்கிலேயர் அதைத் திருட்டு என்று எழுதிவைத்தார்கள். கிழங்கு விளைந்த ஆற்றோரமெல்லாம் சோளக் கொல்லை ஆன பிறகு, பசித்தவர் அந்தச் சோளத்தை எடுப்பதை நான் அந்தச் சொல்லால் சொல்லமாட்டேன். நம்மவர்கள் இப்போது வீடு வாங்கிக் குடியிருக்கும் டூங்காபிதான் அன்று கைதிகளை வைத்து நடத்திய அரசுப் பண்ணை.

1797 மார்ச்சில் டூங்காபிப் பக்கம் நடந்த ஒரு தாக்குதலுக்குப் பின், சிப்பாய்களும் குடியேறிகளும் துரத்திப் போனார்கள். பிறகு பெமுல்வுய் சுமார் நூறு பேரோடு பராமட்டா நகருக்குள்ளேயே வந்து, முதலில் கிட்டே வருகிறவனைக் குத்துவேன் என்று நின்றார். ஈட்டி பறந்தது, துப்பாக்கிகள் வெடித்தன. குறைந்தது ஐந்து பூர்வகுடிகள் அங்கேயே இறந்தார்கள். ஏழு குண்டுச் சிதறல்கள் பாய்ந்த பெமுல்வுயை மருத்துவமனையில் கால்விலங்கு பூட்டிக் கிடத்தினார்கள். சில வாரத்தில் அந்த விலங்கோடேயே அவர் தப்பிவிட்டார்! துப்பாக்கியால் அவரைக் கொல்ல முடியாது என்ற நம்பிக்கை அவர் மக்களிடம் பரவியது.

1801 மே மாதம் ஆளுநர் கிங், பராமட்டா, பிராஸ்பெக்ட், ஜார்ஜஸ் ஆறு வட்டாரங்களில் பூர்வகுடிகளைக் கண்டால் சுட்டு விரட்டலாம் என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு பெமுல்வுயின் தலைக்குச் சன்மானமும் அறிவிக்கப்பட்டது. 1802 ஜூன் வாக்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டி, சாராயத்தில் ஊறவைத்து, இங்கிலாந்துக்கு, ஜோசப் பேங்க்ஸ் என்ற இயற்கை அறிவியலாளரிடம் அனுப்பினார்கள். காலனிக்குப் பெரிய தொல்லை என்றாலும் துணிச்சலும் சுதந்திர உணர்வும் மிக்கவர் என்று எழுதியவரும் அதே கிங்தான். அந்தத் தலை இன்னும் திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பூர்வகுடிப் பெரியவர்கள் விடாமல் கேட்டுவருகிறார்கள்.

1805 மே மாதம் பிராஸ்பெக்ட் பக்கத்தில் ஒரு சமாதானப் பேச்சு நடந்தது. அதற்கு வழி செய்தவர்கள் பூர்வகுடிப் பெண்கள். அதைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

கைதிகளும் பாவப்பட்டவர்கள்தானே?

ஆமாம். ரொட்டியோ துணியோ திருடியதற்காக உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. 1790 ஜூனில் வந்த இரண்டாவது கப்பல் தொகுதியில் ஏறிய கைதிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வழியிலேயே செத்துப்போனார்கள். பிழைத்தவர்களும் எலும்பும் தோலுமாகத்தான் இறங்கினார்கள். பஞ்சத்தில் பங்கீடு குறைந்துகொண்டே வந்தது. 1792இல் கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பல் அரிசியும் பருப்பும் ரவையும் கொண்டுவந்தது. பழக்கமில்லாத அந்தப் பருப்பை வேகவைத்துத் தின்றபடி இந்த மண்ணை வெட்டினார்கள். ஆனால் ஒன்று: கைதிக்குத் தண்டனைக் காலம் ஒரு நாள் முடியும், முடிந்ததும் நிலமும் கிடைக்கும். அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் முதல் விவசாயி ஜேம்ஸ் ரூஸ் என்கிறார்களே?

ரூஸ் தண்டனை முடிந்த கைதி. ஒரு குடும்பம் எவ்வளவு காலத்தில் தன் காலில் நிற்க முடியும் என்று சோதித்துப் பார்க்க, 1789 நவம்பரில் ஃபிலிப் அவருக்குக் குடிசையும் விதையும் கொடுத்துக் கொஞ்சம் நிலத்தில் குடியேற்றினார். 1791இல் அரசுப் பங்கீடு இனி வேண்டாம் என்று ரூஸ் சொன்னார். 30 ஏக்கர் அவர் பெயருக்கு ஆனது. காலனியில் கொடுக்கப்பட்ட முதல் பட்டா அதுதான். ‘எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம்’ என்று இன்று சுற்றுலாவுக்குக் காட்டுகிற இடம். 1793இல் அவரே அதை ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவருக்கு விற்றுவிட்டார். இப்போது நிற்கும் வீடு ஹாரிஸ் கட்டியது.

உழைப்பாளிதான், மறுக்கவில்லை. முதல் பட்டாதாரர் என்றால் சரி. இந்த மண்ணில் உணவு விளைவித்த முதல் ஆள் என்றால் சரியில்லை.

பூர்வகுடிக் குழந்தைகளுக்கு இங்கே பள்ளி நடந்ததாமே?

ஆளுநர் மக்குவாரி 1814 டிசம்பர் 28 அன்று பராமட்டாச் சந்தைத் திடலில் பூர்வகுடிகளைக் கூட்டி விருந்து வைத்தார். அங்கேதான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கேட்டார். 1815 ஜனவரியில் ‘நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்’ திறந்தது. உள்ளே வந்த பையன் 16 வயது வரை, பெண் 14 வயது வரை வெளியே போகக் கூடாது. பெற்றோர் வந்து கேட்டாலும் அனுப்பமாட்டார்கள். பாசத்தை அறுத்துப் பழக்கத்தை மாற்றுவதுதான் நோக்கம் என்று பெற்றோர் புரிந்துகொண்டதும் பிள்ளைகளை விடத் தயங்கினார்கள். சிலர் பிள்ளைகளை மீட்டுக்கொண்டு போனார்கள். பின்னாளில் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த கொள்கை நாடு முழுக்கப் பரவியதற்கு இது ஒரு முன்னோடி என்பது என் எண்ணம்.

அந்தப் பள்ளியின் முதல் மாணவிகளில் ஒருத்தி மரியா. யரமுண்டி என்ற தலைவரின் மகள். 1819 தேர்வில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சுமார் நூறு பேரையும் தாண்டி முதல் பரிசு வாங்கிய பதினான்கு வயதுப் பெண் அவள்தான் என்று கருதப்படுகிறது. 1824இல் ராபர்ட் லாக் என்ற தச்சுக் கைதியை பராமட்டா செயின்ட் ஜான் தேவாலயத்தில் மணந்தார். 1831இல் தன் அண்ணன் கோல்பிக்குக் (முன்பு சொன்ன கோல்பி வேறு) கொடுத்திருந்த பிளாக்டவுன் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றும்படி ஆளுநர் டார்லிங்குக்கு மனு எழுதினார். பள்ளியில் கற்ற எழுத்தை எதற்குப் பயன்படுத்தினார் பாருங்கள். 1843இல் அந்த நிலம் அவருக்குக் கிடைத்தது. 1878இல் அவர் இறந்தபின் பிள்ளைகளுக்குப் பங்காயிற்று. 1920 வாக்கில் அதையும் அரசு எடுத்துக்கொண்டது.

பள்ளி 1823இல் பராமட்டாவிலிருந்து மேற்கே மாறியது. அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு பிளாக்டவுன் என்ற பெயரே வந்தது. அந்தப் பள்ளி நின்ற நிலம் 2018இல் தாருக் மக்களிடம் திருப்பித் தரப்பட்டது.

தாருக் மக்கள் இப்போதும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். மரியா லாக்கின் வழிவந்த குடும்பங்களே ஏராளம். மேற்கு சிட்னியில் நம் பக்கத்து வீட்டில், பிள்ளைகளின் வகுப்பில் இருக்கிறார்கள். மொழியைப் பழைய குறிப்புகளிலிருந்தும் குடும்ப நினைவிலிருந்தும் மீட்டுக் கற்பிக்கிறார்கள். ‘வரமி’ என்றால் வணக்கம். சிட்னிப் பகுதி நிலத்தின் மீதான பூர்வ உரிமை கோரி தாருக் வழித்தோன்றல்கள் தொடுத்த வழக்கு 2004இல் தோற்றது. வழக்கத்தை இடையறாமல் தொடர்ந்தார்கள் என்று அந்தச் சட்டப்படி நிரூபிக்க வேண்டும். குடியேற்றத்தின் முதல் அடி யார் மேல் விழுந்ததோ, அவர்களுக்குத்தான் அதை நிரூபிப்பது மிகவும் கடினம்.

தமிழில் எப்படிக் குறிப்பிடுவது நல்லது?

பூர்வகுடிகள் அல்லது ஆதிக்குடிகள் என்று எழுதலாம். தெரிந்தால் தாருக் மக்கள், பராமட்டகல் என்று குலத்தின் பெயரையே சொல்வது இன்னும் நல்லது. ‘அபோ’ என்ற ஆங்கிலச் சுருக்கம் வசைச்சொல், பேச்சுவாக்கில்கூட வேண்டாம். ‘ஃபிலிப் பராமட்டாவைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம்.

குடும்பத்தோடு போனால் எதைப் பார்க்கலாம்?

முடிந்தால் சர்குலர் கீயிலிருந்து படகில் வாருங்கள். ஃபிலிப் வந்த அதே நீர்வழி. படகுத்துறையிலிருந்து ஜார்ஜ் தெரு வழியே நடந்தால் பராமட்டா பூங்கா வரும். உள்ளே மேட்டின் மேல் பழைய ஆளுநர் மாளிகை. 1799இல் கட்டி மக்குவாரி காலத்தில் பெரிதாக்கியது. ஆஸ்திரேலியாவில் நிலைத்திருக்கும் மிகப் பழைய பொதுக் கட்டடம். 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மாளிகையைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். பூங்காவில் தண்டில் நீள்வட்டத் தழும்போடு சில பழைய மரங்கள் இருக்கின்றன. தோணிக்கோ ஏனத்துக்கோ பட்டை உரித்த வடு அது. மரத்தைச் சாகவிடாமல், வேண்டிய அளவு மட்டும் உரித்திருப்பார்கள். மாளிகையில் ஒரு மணி நேரம் என்றால் அந்த மரங்களின் அருகிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கையால் தொட வேண்டாம்.

செயின்ட் ஜான் கல்லறைத் தோட்டத்தில் ஹென்றி டாட்டின் 1791ஆம் ஆண்டுக் கல்லறை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வடக்கே 1821இல் திறந்த பெண் கைதிகளின் தொழிற்கூடம். அதை அடுத்து, 1887 முதல் 1974 வரை நடந்த சிறுமியர் காப்பகம். குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிச் சிறுமிகளும் அங்கே அடைபட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் அந்த இடத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் விலாங்குகள் இன்னும் உண்டா?

உண்டு. நெடுந்துடுப்பு விலாங்கு. இந்த ஆற்றிலும் பராமட்டா ஏரியிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் மழை வெள்ளத்தோடு கீழிறங்கிக் கடலுக்குப் போகும். அங்கிருந்து வடக்கே வெகுதூரம், பவளக்கடல் பக்கம் நீந்திப்போய் முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும். குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து வந்து, கண்ணாடி போல உடம்பு தெரியும் பருவத்தில் ஆற்றுக்குள் நுழையும். ஆற்றின் குறுக்கே பின்னர் கட்டிய தடுப்பணைகளில் மீன்கள் ஏறிப்போகப் படிபோல வழி அமைத்திருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். ஆழமில்லாத தண்ணீரில் கையளவு தடிமனில் கருப்பாக ஒன்று மெல்ல வளைந்து போகும். பிள்ளைகள் பாம்பு என்று கத்துவார்கள். அது பரா என்று சொல்லிக்கொடுங்கள்.